மூன்றாவது கை

ஜனவரி 6, சனி

முதலில் ஒரு வெட்கக்கேட்டை எழுதித் தொலைத்துவிடுகிறேன். இன்று மதியம் மூன்று மணிக்கு, தென்னூரில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தூக்கி நான் ஆடியதை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பார்த்துவிட்டார். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வலிப்பு என்று நினைத்து, கைப்பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்தால் எதிரே அவர் முகம். "பயப்படாதீங்க தம்பி, அடங்கிரும்" என்றார். இது வலிப்பு இல்லை, ஸ்வீடனிலிருந்து வந்த புது ஆல்பம் என்று விளக்குவதைவிட வலிப்பாகவே இருந்துவிடுவது மரியாதை என்று பட்டது. ஐந்து நிமிடம் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மையார் கண்ணுக்கு அளவு கொடுக்காமலே கிளம்பிவிட்டார். வலிப்புக்காரனிடம் கண்ணைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்.

வயது ஐம்பத்து மூன்று. பெயர் தாமோதரன். வியாதி, சின்த்பாப். தெரியாதவர்களுக்கு: மின்சாரக் கீபோர்டை வைத்துக்கொண்டு சோகத்தை ஆடுவதற்கு ஏற்றபடி செய்து தருகிற இசை. என் மனைவி மங்கை அதை 'ஃப்ரிட்ஜ் பாட்டு' என்பாள். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும் முன் ஒரு வாரம் இப்படித்தான் முனகுமாம்.

ஆடவைத்த ஆல்பம் வின்டர் கிளார்க்ஸ் என்ற இருவருடையது. ஐந்து பாட்டு அற்புதம். ஆறாவதில் சோகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்கள். பவர் கூடின கண்ணாடி மாதிரி, எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது. பத்துக்கு ஏழரை.

நாளை மாதத்தின் முதல் ஞாயிறு. கூட்டம்.

ஜனவரி 7, ஞாயிறு

கடை மாடியில், கண் பரிசோதிக்கிற அறையில்தான் எங்கள் கூட்டம். நான்கே உறுப்பினர்கள். நான்; பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் பெர்க்மான்ஸ், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி; இருபது வருடம் துபாயில் இருந்து ஹெட்போன்களோடு மட்டும் திரும்பி வந்த ஜமால்; வேதியியல் பேராசிரியர் சுந்தரவதனன், எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். சங்கத்துக்கு ஒரு வலைப்பூவும் உண்டு. வாசகர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

கூட்டத்தின் உயிர் 'பெயர் சொல்லாச் சுற்று'. ஒருவர் புதிதாக வந்த ஒன்றைக் கொண்டுவந்து, யாருடையது என்று சொல்லாமல் போடுவார். மற்ற மூவரும் வாயைத் திறக்கக் கூடாது. தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கலாம். மூன்று கையும் ஏறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அதுவும் கொண்டுவந்தவரே எழுந்து போய்த் தன் கையால் அணைக்க வேண்டும். இந்த விதியைப் போட்டது யார் என்று கேட்டால் நான்தான். பிறகு ஆளுக்கொரு சீட்டில் மதிப்பெண்ணும் ஒரு வரியும் எழுதுவோம். எல்லாவற்றையும் நான் உரக்கப் படிப்பேன். இந்த ஒற்றை வரிக்கு நான் ஊரில் பிரபலம். ஊர் என்றால் மேற்படி மூன்று பேர்.

இன்று பெர்க்மான்ஸின் முறை. பென்டிரைவைச் செருகிவிட்டு, பார்வைப் பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். முதல் பாட்டில் ஏதோ ஒரு உறுமல், அதன் மேல் கீபோர்டு, சுருதி கொஞ்சம் தணிந்து. இரண்டாவதில் தகரத் தட்டல். ஜமால் கை தூக்கினான். மூன்றாவதில் ஒரு ஆண் குரல் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்ததும் பேராசிரியர் கை. மூன்றாவது கை என்னுடையது. நாற்பது விநாடி யோசித்திருப்பேன். ரசித்ததால் அல்ல, எழுதப்போகிற வரி நன்றாக உருண்டு வரட்டும் என்று.

பெர்க்மான்ஸ் போய் அணைத்தான்.

என் வரி இது: "பட்டறையில் சாப்பாட்டுச் சங்கு ஊதி எல்லாரும் போன பிறகு, ஒரு மிஷின் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது அணைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கப்பா. பத்துக்கு இரண்டு."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜமாலுக்குப் புரையேறியது. பெர்க்மான்ஸும் சிரித்தான்.

"யார்றா இது?" என்றான் ஜமால்.

"டென்மார்க்காரன் ஒருத்தன்."

"டென்மார்க்கே அவ்வளவுதான் மாப்ள" என்றான் ஜமால்.

நல்ல கூட்டம்.

ஜனவரி 11, வியாழன்

வலது கண் லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப்போனவர் இரண்டு நாள் அதையே போட்டுக்கொண்டு, உலகம் கொஞ்சம் சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாராம். திட்டவில்லை. நல்ல மனிதர். காதில் லேடி ஓம்ஸின் புதுப் பாட்டு ஓடியதை நான் சொல்லவில்லை. பாட்டு சுமார்.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. மச்சினர் வந்திருக்கிறார். ஹெட்போனைப் பார்த்துக் காது மிஷின் என்று நினைத்து இரண்டு நாளாக என்னிடம் கத்திப் பேசுகிறார். திருத்தவில்லை. வசதியாக இருக்கிறது.

ஜனவரி 22, திங்கள்

பெர்க்மான்ஸின் மனைவி செலின் கடைக்கு வந்தது. கண்ணாடிக் கால் உடைந்துவிட்டதாம். ஒட்டிக்கொண்டே விசாரித்தேன். கூட்டாளியைப் பற்றி நாலு வம்பு கிடைக்கும் என்ற ஆசைதான்.

"என்னண்ணே, அவரு பாட்டு எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சாமே" என்றது.

"எந்தப் பாட்டும்மா?"

"அதான், முத ஞாயித்துக்கிழமை போட்டாருல்ல. மூணு வருஷமாண்ணே. பட்டறையில போன வெச்சுக்கிட்டு மிஷின் சத்தமெல்லாம் புடிச்சுட்டு வருவாரு. வீட்டுக்கு வந்து அடுப்படியில ஒக்காந்து அந்தக் கீபோர்ட்ட வெச்சு நோண்டிக்கிட்டே இருப்பாரு. கொழம்பு தாளிக்கக் கூட முடியாது. சத்தம் போடாதம்பாரு. நீங்க சிரிச்சு ரசிச்சீங்கன்னாரு."

கால் ஒட்டவில்லை. பசையை என் விரலில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பிரமாதமா இருந்துச்சும்மா" என்றேன்.

"நெட்டுலயும் ஏத்தியிருக்காரு. லிங்கு அனுப்பவா? டவுன்லோடெல்லாம் பண்ண முடியாதாம், அங்க போயித்தான் கேக்கணுமாம்." அனுப்பிவிட்டு, போகிற போக்கில் சொன்னது: "அவருக்கு வயித்து வலி நிக்கவே மாட்டேங்குதுண்ணே. ஸ்கேன் எடுக்கணும்னிருக்காங்க."

ஆல்பத்தின் பெயர் 'இரண்டாம் ஷிப்ட்'. ஏழு பாட்டு. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய பட்டறை டோக்கன் எண் இருக்கிறது, 1174.

சங்கு வரியை எழுதியிருக்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வரி நல்ல வரி.

பிப்ரவரி 4, ஞாயிறு

கூட்டம். பெர்க்மான்ஸ் வரவில்லை. ஜமால்தான் சொன்னான். கணையம். பரவிவிட்டதாம். அறுவைக்கு இடமில்லையாம்.

பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதியாக வேண்டும். பேராசிரியர் கொண்டுவந்ததைப் போட்டுக் கேட்டோம். ஷில்லாங்கிலிருந்து நவம்பர் டின் என்ற ஆல்டர்நேட்டிவ் ராக் குழு. கிடார்கள் துருப்பிடித்த மாதிரி, பாடுகிற பெண் வாடகை வீடு காலி செய்கிறவளைப் போல அவசரமாக. மிக நன்று. எட்டு.

ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் பேராசிரியர், பழக்கதோஷத்தில், "சங்கு ஊதியாச்சு, அணைச்சுட்டுச் சாப்பிடப் போகலாமா" என்றார். ஒரு மாதமாக அவருக்கு அதுதான் பேச்சு. கல்லூரியில்கூடச் சொல்கிறாராம்.

அந்த டென்மார்க்காரன் யார் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயில் வடையைப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பொன்மலை போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பெர்க்மான்ஸே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பனியனுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"வாடா. டயட்ல இருக்கேன்" என்றான். "கணையம் போட்டுக் குடுத்த டயட்டு."

வழியெல்லாம் ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். முதல் வாக்கியத்திலேயே கையமர்த்திவிட்டான்.

"செலின் சொல்லிட்டா. அந்த வரி நல்ல வரிடா தாமு. பட்டறையில பத்துப் பேருக்குச் சொன்னேன். நானே எழுதுனதுன்னு சொல்லிட்டேன், கோச்சுக்காத."

"ஏன்டா டென்மார்க்னு சொன்ன?"

"என் பேரச் சொல்லியிருந்தா மூணு பேரும் எட்டு எட்டா போட்டிருப்பீங்க. சங்கடத்துக்குப் போடுற எட்டு எனக்கு எதுக்கு? டென்மார்க்காரனுக்கு என்ன விழுதுன்னு பாக்கணும்னு தோணுச்சு. ரெண்டு விழுந்துச்சு."

செலின் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போயிற்று. போனதும் அவன் குரலைத் தணித்தான்.

"ஒண்ணு கேக்கவா? மூணாவதுலயே நிப்பாட்டிட்டீங்க. இன்னும் நாலு இருக்கு. ஏழையும் கேட்டுட்டு நம்ம பிளாக்ல எழுது. நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னே எழுதுடா, ரெண்டு மார்க்கே போடு. ஆனா கேட்டுட்டு எழுது. இது வரைக்கும் ஒரு ஆளு முழுசாக் கேக்கல. செலினு ரெண்டாவதுலயே தூங்கிருச்சு."

"அதுக்கென்னடா, எழுதிர்றேன். எப்பக்குள்ள வேணும்?"

"ஈஸ்டர்னு சொல்றாரு டாக்டரு."

"பிளாக்குக்கு டாக்டர் எதுக்குடா தேதி சொல்றாரு?" என்று நான் கேட்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மண்டையில் ஏற எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

ஈஸ்டர் மார்ச் 31. டைரியில் மடித்து அடையாளம் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

நேற்றும் இன்றும் கேட்கவில்லை. கடையில் கூட்டம். கூட்டம் என்றால் இரண்டு பேர்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டு மோசமாக இருந்தால், சாகப்போகிறவனுக்கு நான் பொய் எழுத வேண்டும். அது பெரிய விஷயமில்லை, எனக்குப் பழக்கம்தான். நன்றாக இருந்துவிட்டால்?

பிப்ரவரி 10, சனி

இன்று மதியம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு முதல் மூன்றையும் ஒழுங்காகக் கேட்டேன்.

முதல் பாட்டு, 'கிரேன்'. அன்று உறுமல் என்று நினைத்தது பட்டறைக் கூரையில் ஓடுகிற பெரிய கிரேனின் சத்தம். கீபோர்டு சுருதி தணிந்திருப்பதாக நாங்கள் முகம் சுளித்தோமே, அது தவறி அல்ல. கிரேன் எந்தச் சுருதியில் ஓடுகிறதோ அதற்குக் கீபோர்டை இறக்கிக் கட்டியிருக்கிறான். கிரேனை மாற்ற முடியாது, அதனால் பாட்டை மாற்றியிருக்கிறான். இரண்டாவது, 'பலகை'. தகரத் தட்டல் என்றேன். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் தங்கள் பித்தளை டோக்கன்களை ஒவ்வொன்றாகப் பலகையில் மாட்டுகிற சத்தம். முதலில் அவசரம் அவசரமாக, பிறகு சோம்பலாக, கடைசியில் ஒன்றே ஒன்று, வெகுநேரம் கழித்து.

மூன்றாவதில் முணுமுணுப்பது அவன்தான். ஒன்றுமில்லை, பெயர்கள். அவனோடு வேலை பார்த்தவர்களின் பெயர்கள். எந்த உணர்ச்சியும் காட்டாமல், வருகைப் பதிவு படிக்கிற மாதிரி. நாற்பதாவது விநாடியில் கீழே ஒரு சின்த் மெதுவாக எழும்புகிறது பாருங்கள், பத்து வருடமாக ஸ்வீடன்காரர்களிடம் நான் தேடிக்கொண்டிருந்தது அது.

நான் கையைத் தூக்கியது அந்த நாற்பதாவது விநாடியில்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மிச்சம் நான்கையும் கேட்டுவிட்டேன். நன்று.

பிப்ரவரி 12, திங்கள்

நவம்பர் டின் குழுவை மறுபடி கேட்டேன். அன்று எட்டு போட்டது அநியாயம். ஒன்பது. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரர் ஓர் அடியை வேண்டுமென்றே தவறவிடுகிறார், படிக்கட்டு இருக்கும் என்று காலை வைத்தால் இல்லாத மாதிரி. நான்காவதில் அந்தப் பெண் மூச்சு வாங்குவதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஐந்தாவது கொஞ்சம் நீளம், ஆனால் கடைசி ஒரு நிமிடத்துக்காக மன்னிக்கலாம். ஆறாவதில் கிடாரைத் தூக்கிவிட்டு வெறும் பேஸ். இதை யோசித்த மூளைக்கு ஒரு மாலை போட வேண்டும். எட்டாவது பாட்டை மட்டும் இன்று நான்கு தடவை. லேடி ஓம்ஸின் முழு ஆல்பமும் வந்துவிட்டது, பன்னிரண்டு பாட்டு. கடை சாத்துவதற்குள் அதையும் முடித்துவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மங்கை கேட்டாள். "ஏங்க, அவரு பாட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. ஏழும்."

"எப்படியிருக்கு?"

"ஆழமா இருக்கு."

ரசத்தை ஊற்றிவிட்டு ஒரு நிமிடம் கரண்டியோடு நின்றாள். "பிடிச்ச பாட்டுன்னா எனக்குப் புரியுதோ இல்லியோ, அரை மணி நேரம் விடாம சொல்லுவீங்க. ஆழமா இருக்குன்னு இதுவரைக்கும் எதையும் சொன்னதில்ல."

"பசிக்குதும்மா. அப்பளம் போடு."

"அந்த மனுசன் எழுதச் சொன்னது அப்புறம். கேக்கத்தான சொன்னாரு" என்றாள். அப்பளமும் போட்டாள்.

பிப்ரவரி 24, சனி

இன்று மறுபடி முழு ஆல்பமும். ஏழாவது பாட்டில் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 28, புதன்

ஜமால் தலைமயிருக்கு அடித்த சாயம் சட்டைக் காலரில் இறங்கியிருக்கிறது. கல்யாண வீட்டில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். பேராசிரியருக்கு வானொலி நிலையத்து அறிவிப்பாளர் ஒருவரோடு பழைய சிநேகம் என்று ஜமால் சொல்கிறான். சாயத்தைப் பற்றிப் பேராசிரியர் சொன்னார், சிநேகத்தைப் பற்றி ஜமால் சொன்னான். இருவருக்கும் பொதுவான காது நான். சீக்கிரம் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

பெர்க்மான்ஸ் கேட்டுக்கொண்டபடி கூட்டத்தை அவன் வீட்டில் வைத்தோம். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஜமால் நல்ல ஸ்பீக்கர் கொண்டுவந்தான். முதலில் பேராசிரியருக்கும் ஜமாலுக்கும் உண்மையைச் சொன்னேன், வாசலிலேயே, செருப்பைக் கழற்றும்போது. பேராசிரியர் ஒரு செருப்போடு நின்றுவிட்டார்.

"நான் அதை வகுப்பில்கூடச் சொன்னேனே, தாமோதரன்" என்றார்.

உள்ளே ஜமால் லேடி ஓம்ஸைப் போட்டான். இரண்டாவது பாட்டில் பெர்க்மான்ஸ் கை தூக்கினான். கை அரைவாசிதான் ஏறியது. முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு தூக்கி வைத்திருந்தான். நாங்கள் இருவரும் உடனே தூக்கினோம்.

"டேய், ஜாலியா ஆடிக்கிட்டிருந்த ஆளு நீ. எனக்காகத் தூக்காத" என்றான் என்னிடம். ஜமால் போய் அணைத்துவிட்டான்.

செலின் தேநீர் கொண்டுவந்தது. பெர்க்மான்ஸ் சாதாரணமாகக் கேட்டான், ஊர்ச் சமாச்சாரம் கேட்கிற மாதிரி.

"தாமு, கேட்டியாடா?"

"ரெண்டு மூணு தடவ கேட்டாச்சு. எழுதிக்கிட்டிருக்கேன்."

"ஏழாவது எப்படி?"

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். "ஏழுல அதான்டா பெஸ்ட்டு" என்றேன்.

"அப்படியா. முடியிற எடம் சரியா வந்திருக்கா? எனக்குச் சந்தேகமாவே இருக்கு."

"அருமை. மெதுவா... அப்படியே கரையுது."

தலையணைக்குப் பக்கத்திலிருந்த போனை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். மாத்திரை நேரம் போலிருக்கிறது.

"ஆமா. கரையும்" என்றான். பிறகு ஜமாலின் காலரைக் காட்டி, "என்ன பாய், வெளுக்குதா கறுக்குதா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். செலின்கூடச் சிரித்தது.

மார்ச் 9, சனி

எழுதுவதற்கு முன் ஒரு தடவை சும்மா சரிபார்க்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். தினமும் மாட்டுகிறேன். மாட்டியதும் யாராவது வந்துவிடுகிறார்கள். இன்று ஒருவர் வந்து பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். பஸ் நிறுத்தம் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 14, வியாழன்

செலினிடமிருந்து போன். இப்போது கஞ்சிகூட இறங்கவில்லையாம். "எழுதிட்டீங்களாண்ணே? அவரு ஒண்ணும் கேக்கல. நாந்தான் கேக்குறேன்."

மார்ச் 18, திங்கள்

எழுதி ஏற்றிவிட்டேன். மூன்று பக்கம். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் ஆகச் சிறந்த விமர்சனம் என்று பேராசிரியர் சொல்கிறார். கிரேனைப் பற்றி ஒரு பத்தி, டோக்கன் பலகையைப் பற்றி ஒரு பத்தி, பெயர்களைப் பற்றி ஒரு பக்கம். நான்காவதிலிருந்து ஆறாவது வரை 'ஒரே மூச்சில் கேட்க வேண்டியவை' என்று எழுதியிருக்கிறேன். கடைசிப் பாட்டுக்கு இப்படி:

"ஏழாவது பாட்டில் பெர்க்மான்ஸ் நம்மை ஒரு வாசலில் கொண்டுவந்து விடுகிறார். அதற்கு மேல் அவர் வருவதில்லை. மெல்லக் கரையும் அந்த இறுதி நொடிகளில், கேட்பவன் தன்னையே கேட்கிறான். பத்துக்கு ஒன்பதரை."

ஒன்பதரை இதுவரை யாருக்கும் போட்டதில்லை. ஐம்பத்து நான்கு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். எங்கள் வலைப்பூவுக்கு அது திருவிழாக் கூட்டம்.

மார்ச் 19, செவ்வாய்

பெர்க்மான்ஸ் வாட்ஸப்பில் எழுதியிருந்தான். "நன்றி தாமு. கிரேன் பத்தி எழுதினது சரி. பட்டறைக்காரனுக்குக்கூட அது தெரியாது. ஏழாவதுக்கு எழுதினதில் அந்தச் சங்கு வரி மாதிரி ஒரு வரி இருந்திருக்கலாம். அது கேட்டு எழுதின வரி."

உடம்பு முடியாத நேரத்தில் எழுதியது. கடைசி வாக்கியம் சரியாக விளங்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

காலை ஏழு மணிக்குப் போய்விட்டான். ஈஸ்டருக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

மார்ச் 22, வெள்ளி

அடக்கம். வேளாங்கண்ணியிலிருந்து வந்த அவனுடைய அண்ணன், தம்பியைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் சொன்னேன். சாவிக்கொத்தோடு வந்த தலைமையாசிரியை கதையைச் சொல்லி முதலில் கொஞ்சம் சிரிக்கவைத்தேன், பிறகு ஏழாவது பாட்டைப் பற்றிச் சொன்னேன். பட்டறை ஆட்கள் அழுதார்கள். ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு உங்கள மாதிரி கேக்குறதுக்கு ஒரு ஆளு இருந்தது கொடுப்பினைங்க" என்றார். ஆமாம் என்றேன்.

மங்கை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கூட்டம். மூன்று பேர். ஜமால் ஏதோ ஜெர்மன்காரர்களைப் போட்டான், சகிக்கவில்லை. பேராசிரியர் கை தூக்கினார், நான் தூக்கினேன். பிறகு இருவரும் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது கைக்கு ஆள் இல்லை. விதிப்படி நிறுத்த முடியாது. ஐம்பத்தொரு நிமிட ஆல்பத்தை முழுவதும் கேட்டோம். நடுவில் கை வலித்து இறக்கிவிட்டோம்.

முழுதாகக் கேட்டால் ஜெர்மன்காரர்கள் அவ்வளவு மோசமில்லை. ஆறு.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மங்கை கட்டிக்கொடுத்த பாயசத்தோடு செலினைப் பார்க்கப் போனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், பாதிச் சாமான் மூட்டையாக இருந்தது. கீபோர்டைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தது. பெர்க்மான்ஸின் போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தது.

"அந்தப் பாட்டுப் பக்கத்த இப்படியே வெச்சிருக்கலாமா, மூடிறலாமான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு அதுல ஒண்ணும் வெளங்கல. காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல இதத்தான் பாப்பாரு. கடைசி நாளு வரைக்கும். எந்தப் பாட்ட எத்தன பேரு கேட்டாங்க, எதுவரைக்கும் கேட்டாங்கன்னு ஏத்துன ஆளுக்கு மட்டும் காட்டுமாம்ல."

"இருக்கட்டும்மா. மூட வேணாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். ஜனவரி ஏழாம் தேதி ஏற்றியதிலிருந்து இன்று வரை: முதல் பாட்டு பதினாறு தடவை. இரண்டாவது ஒன்பது. மூன்றாவது ஏழு. நான்காவது ஒன்று, முப்பத்தைந்தாவது விநாடியில் நின்றுவிட்டது, தேதி பிப்ரவரி 11. ஐந்தாவதும் ஆறாவதும் இல்லை.

ஏழாவது பாட்டு, பூஜ்யம்.